சூப்பர்வைசரின் பச்சைக் கண்

அத்தை குரலெடுத்து அழுததும், கட்டிலுக்கு அடியில் கிடந்த நாய் நகர்ந்து வெளியே வந்தது. அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, ஆமாம் ஆமாம் என்பதுபோல இரண்டு முறை தலையாட்டியது. அத்தைக்கு அழுகை அப்படியே நின்றுபோனது.

"என்னடி இது? நான் அழுதா இது ஆமாங்குது?"

"சத்தம் கேட்டா அப்படித்தான் பண்ணும் அத்தை," என்றாள் சின்னவள். அவள் கையில் கழுவிய தம்ளர்கள் இருந்தன.

"என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், ஒரு வேலையும் நடக்காது."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார். நாய் அந்த இருமலுக்கும் தலையாட்டியது. கட்டிலில் அப்பா மார்புவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

விடிவதற்குள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த பெரியவன், சிவந்த கண்களோடு திரும்பினான். "பாப்பா, முதல்ல அதை நிறுத்து. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

சின்னவள் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஒரு சின்னத் தலையணை எடைதான் இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்பு, ரப்பர் பாதங்கள், காதுக்கு இரண்டு துணித் துண்டுகள். நெற்றியில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மங்கியிருந்தது. அப்பா தடவித் தடவித் தேய்ந்த இடம்.

அம்மா போன பிறகு பெரியவன் வாங்கி அனுப்பியது அது. அவன் காசு போட்டான், சின்னவள் மெனக்கெட்டாள். லேப்டாப்பில் மென்பொருளை ஏற்றி, வீட்டின் வரைபடத்தை நாய்க்குப் பழக்கி, எங்கே திரும்ப வேண்டும், எங்கே சார்ஜுக்கு நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். நாயின் கண் வழியாக வீட்டைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கண் இரண்டும் பச்சையாக எரியும். நாயின் வாயால் பேசவும் முடியும். அப்பாதான் அதை வேண்டாம் என்றுவிட்டார்.

"நாய் பேசினா எனக்குத் தூக்கம் வராது. அது கேக்கட்டும், தலையாட்டட்டும், போதும். எதையும் படம் புடிச்சு வைக்கவும் கூடாது. பனியனோட திரியிறவன் நான்."

அப்படியே ஏற்பாடு ஆயிற்று. லேப்டாப்பிலோ போனிலோ ஒரு பொத்தானைத் தட்டினால் நாய் தலையாட்டும். அவளுடைய 'சரிப்பா' அதுதான். அப்பா அதற்கு சூப்பர்வைசர் என்று பேர் வைத்தார். "வேலையில இருந்தவரைக்கும் என்னைக் கேள்வி கேக்க ஒரு சூப்பர்வைசருக்கும் தைரியம் வரல. ரிட்டயர் ஆனதும் பாரு, வீட்டுக்குள்ளயே வந்து குந்திக்கிச்சு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். விளக்கை மட்டும் நம்பி வேலை பார்த்தவர். தளத்தில் விளக்கு எரிந்தால் கதவுக்குப் பின்னால் கூண்டு நிற்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் வெறும் பள்ளம். அவசரத்துக்கு விளக்குக்கு நேராக ஒயர் கொடுத்து எப்போதும் எரியும்படி செய்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. "டைரக்ட் குடுத்தவன் வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குவான். விளக்கை நம்பிக் கால் வச்சவன்தான் போவான்."

சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள். வரைபடத்தில் உள்ளறையில் ஒரு நீலப் புள்ளி நின்றது. வலது பக்கம் இரண்டு வரிகள்.

கண் விளக்கு: மாலை நேரம் முழுவதும்.
குரல் கேட்டால்: தானாகத் தலையாட்டு.

அவள் விரல் அங்கேயே நின்றது. வெளியிலிருந்து பெரியவன் கூப்பிட்டான். நாயின் வயிற்றுக்கு அடியிலிருந்த பொத்தானை அழுத்தி அணைத்து, லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வந்திருந்தார். கடை கீழேயே தெருமுனையில். அப்பாவுக்குச் சாயங்காலத் துணை. கையில் மடித்த கால்சட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இடுப்பு புடிச்சுத் தரச் சொன்னாரும்மா. தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு. ரெண்டு தடவை புடிச்சுட்டேன் இந்த வருஷத்துல."

சின்னவள் வாங்கிக்கொண்டாள். அப்பா இளைத்தது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் அவர் தொளதொளத்த சட்டையை வெளியே விட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருப்பார்.

தையல்காரர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். பெரியவனைப் பார்த்துத்தான் பேசினார். "நல்ல பொண்ணு தம்பி உங்க தங்கச்சி. சாயங்காலம் அந்த நாய்க்குக் கண்ணு தெறந்துட்டா போதும், ஆடிக்கிட்டு இருக்கிற சீட்டைப் பாதியில கவுத்துட்டு எந்திரிச்சுடுவாரு. தோக்கிற நேரமாப் பாத்து இது கண்ணு தெறக்குதேய்யான்னு நான் திட்டுவேன். 'பாப்பா வந்துட்டா, நீ கெளம்பு'ம்பாரு."

பெரியவன் தங்கையின் தோளில் கை வைத்தான். அந்தக் கை கனத்தது.

"நேத்தும் அப்படித்தான். கடைக்குப் போற வழியில எட்டிப் பாத்தேன். நெஞ்சைத் தடவிக்கிட்டு நாற்காலியில உக்காந்துருந்தாரு. வேர்வை. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம், வாங்கன்னேன். 'வேணாம்யா, பாப்பாகிட்ட சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டிட்டா. இந்நேரம் கெளம்பியிருப்பா. அவ வரும்போது வீடு பூட்டிக் கெடந்தா பதறிடுவா'ன்னாரு."

சின்னவள் கால்சட்டையின் மடிப்பை இன்னும் சிறிதாக மடித்தாள்.

"சரி, பொண்ணு வருதேன்னு நானும் கடைக்குப் போயிட்டேன். பூட்டிட்டு வந்து பாக்குறப்ப..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போயிருக்கக் கூடாது. வழியில மாட்டிக்கிட்டீங்களாம்மா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தாள். பெரியவன் முந்திக்கொண்டான்.

"அந்த நேரத்துல ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அவ என்ன பறந்தா வர முடியும்?" கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க கூட இருந்திருக்கலாம். கண்ணால பாத்தீங்கல்ல? ஒரு ஆட்டோ புடிக்க எவ்வளவு நேரம்?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா தம்பி. தப்புதான். ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சின்னவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கழுவிய தம்ளர்களை மறுபடி கழுவினாள்.

அவள் கிளம்பவே இல்லை. ரோட்டில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. கடையில் இருந்தாள்.

பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்கு முன்னால் நிற்கும் வேலை. சாயங்காலம்தான் கான்ட்ராக்டர்கள் வருவார்கள். ஒரே சத்தம், ஒரே அவசரம். முதல் சில மாதங்கள் போனைக் கவுன்ட்டருக்கு அடியில் வைத்து அப்பாவை ஒழுங்காகத்தான் பார்த்தாள். நாயின் உயரத்திலிருந்து அவர் முழங்காலும் முகவாயும்தான் தெரியும். அவர் பேசுவார், அவள் பொத்தானைத் தட்டுவாள். ஒருநாள் அப்படித் தட்டிக்கொண்டே ஒரு பெரிய வாளி வெள்ளையில் தவறான சாயத்தை இறக்கிவிட்டாள். முதலாளி அந்த வாளியை ஒரு வாரம் கவுன்ட்டர் மேலேயே வைத்திருந்தார், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி. "இது நம்ம பாப்பாவோட புது ஷேட்." போன் மேஜை டிராயருக்குள் போனது.

அந்த ஞாயிறு அப்பா கேட்டார்: "என்ன, சூப்பர்வைசர் கண்ணே தெறக்கல? லீவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றிரவு மென்பொருளின் பக்கங்களைப் புரட்டும்போதுதான் அந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் மாற்றினாள். கடையில் கூட்டம் குறையட்டும், திரும்ப மாற்றிவிடலாம். மழைக்காலம் வந்து போனது. வெள்ளையடிக்கும் காலம் வந்தது, கூட்டம் இன்னும் கூடியது. அப்பா சாப்பிட்டார், சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஏதாவது ஆரம்பிப்பார். அவள் "ஆமாப்பா, ஆமா" என்று சமாளிப்பாள். பல நேரம் எதைப் பற்றி என்றே தெரியாது. தானும் அந்த நாயைப் போலத்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருமுறை தோன்றியது. அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

போன் செய்திருக்கலாமே அவர் என்று நேற்றிலிருந்து தனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டாள். ஏன் செய்யவில்லை என்பதும் அவளுக்கே தெரிந்திருந்தது. கடையில் போன் அடித்தால் முதலாளி திட்டுவார் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தது அவள்தான். நேற்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஒரு அம்மாள் வெளிர் மஞ்சளை ஷேட் கார்டோடு வைத்துப் பார்த்து இது அது இல்லை என்றாள். இல்லைங்க, காய்ஞ்சா சரியா வந்துடும் என்று இவள் சாதித்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. அப்பாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்து, ஆளாளுக்குப் பிரிந்து போனார்கள். தையல்காரர் வாசலோடு நின்று, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவன் அவர் பக்கம் திரும்பவில்லை.

முன்னறை பெரிதாகத் தெரிந்தது. அண்ணனும் தங்கையும் வெறும் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசியா என்ன சொன்னார் பாப்பா?"

அவள் தையல்காரர் தந்த கால்சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, இப்ப வேணாம். உன்னால எப்ப முடியுதோ அப்பச் சொல்லு." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீயாவது அந்த நாய்க் கண்ணு வழியாக் கூட இருந்தே. உன் முகத்தைப் பாத்துட்டுத்தான் போனார்னு நெனச்சுக்குவேன். நான் அந்த நாயை வாங்கி அனுப்பினதோட சரி. ஒரு தடவை... சத்தியமா ஒரு தடவைகூடத் தெறந்து பாக்கல. அந்த பாஸ்வேர்டைக் குடு."

"எதுக்குண்ணா?"

"சும்மாதான். நீ எப்படிப் பாப்பியோ அப்படி ஒரு தடவை பாக்கணும்."

"கொஞ்சம் இரு. அதுல ஒண்ணு சரி பண்ணணும்."

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். இந்த முறை விரல் நிற்கவில்லை. கண் விளக்கு: பார்க்கும்போது மட்டும். குரல் கேட்டால்: ஒன்றும் செய்யாதே. இரண்டு மாற்றங்கள், இரண்டு தட்டல்கள். இவ்வளவு சுலபமான வேலையா என்று இருந்தது. பாஸ்வேர்டை அண்ணனின் போனுக்கு அனுப்பிவிட்டு, நாயைக் கொண்டுவந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் வைத்து உயிர் கொடுத்தாள். அது வாலை ஒருமுறை அசைத்து அமர்ந்தது.

பெரியவன் தன் லேப்டாப்போடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அழ வேண்டுமென்றால் அவனுக்குக் கதவு சாத்த வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஷட்டரை இழுக்கும் சத்தம். தையல்காரர் இன்று கடை திறக்கவில்லை, எதிர்வீட்டில் விளக்கும் போடவில்லை. வழக்கமாகப் பச்சை வரும் நேரம் வந்தது. நாயின் கண் இருட்டாகவே இருந்தது. சின்னவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடிகள் வழுவழுப்பாக இருந்தன.

"சூப்பர்வைசர்," என்றாள் மெதுவாக.

நாய் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அதன் கண் இரண்டும் பச்சையாயின.

அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு அப்பா உட்கார்வதுபோல முழங்கால்களில் கையூன்றி, முகம் தெரியும்படி நன்றாகக் குனிந்தாள்.

"அண்ணா. நேத்து நான் பாக்கல. பல மாசமாவே பாக்கல. தலையாட்டினது நான் இல்ல, நான் டைரக்ட் குடுத்து வச்சிருந்தேன். தையல்கார மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

நாய் தலையாட்டவில்லை.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், கதவு திறக்கும் என்று காத்திருந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. கண்ணும் அணையவில்லை.