பாலைக்குடாவின் சனத்தொகை

பாலைக்குடா உதவி அரசாங்க அதிபர் பிரிவு கடலுக்கு அக்கரையில் இருந்தது. அதன் அலுவலகமான கந்தோர் மட்டும் இக்கரையில், லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தது. சண்டை மூண்டபோது வந்து சேர்ந்த கந்தோர், இரண்டு வருடமாகியும் அசையவில்லை. ஆளச் சனமில்லாவிட்டாலும் அதிகாரி சோமசேகரம் ஆண்டுகொண்டுதான் இருந்தார். கதிரையில் அமர்ந்தால் தேத்தண்ணிக்கும் பத்திரிகைக்கும் குறைவில்லை.

அந்தச் சுகத்தில் மண் விழுந்தது. சனமில்லாத பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவுகளோடு சேர்க்கப் போகிறார்களாம். பிரிவின் வரலாற்றையும் சனத்தொகையையும் எழுதி அனுப்பும்படி மேலிடம் கேட்டது. வரலாற்றை மனுசன் வெளுத்து வாங்கினார். தன் பதவியில் முன்பு இருந்த ஒல்லாந்தன் காலத்து வன்னிபம், வெள்ளைக்காரன் காலத்துக் காரியாதிகாரி என்று பக்கம் பக்கமாக ஓடியது. சனத்தொகைக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. பூச்சியம் என்று எழுதினால் கதிரை போச்சு.

அப்போதுதான் அன்னலட்சுமி வந்தாள். ஊரே ஓடியபோதும் மாட்டை விட்டு ஓடாமல் பாலைக்குடாவில் தனியாகக் கிடந்தவள். அரிசி முடிந்துபோக லோஞ்சிப் படகு ஏறி வந்திருந்தாள்.

"இடம்பெயர்ந்த ஆக்களுக்குக் குடுக்கிற அரிசிக்கு என்னையும் பதிஞ்சு விடுங்கோ, ஐயா."

சோமசேகரத்தின் முகம் மலர்ந்து, சட்டென்று கறுத்தது. ஒரு ஆள் கிடைத்தது மெய்தான். ஆனால் இடம்பெயர்ந்தவள் என்று பதிந்தால் அந்த ஒன்றும் போய்விடுமே!

"ஏலாது, அக்கா. நீங்க ஊரை விட்டுப் போகேல்லை. நிரந்தரக் குடி."

"பசியும் நிரந்தரமாத்தான் கிடக்கு. கந்தோரே இடம்பெயர்ந்திருக்கு, நான் பெயரக் கூடாதோ?"

"சனத்தொகையைச் சரிபாக்க மேலிடத்துப் பெரியவர் நாளைக்கு வாறார். ஊரிலதான் இருக்கிறன் எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. அரிசியைப் பிறகு பாப்பம்."

பசித்தவளிடம் பேரம் பேசக் கூச்சமில்லாத மனுசன்! 'சனத்தொகை: ஒன்று' என்று அழகாக எழுதி வைத்தார்.

மறுநாள் மேலதிகாரி பாக்கியரத்தினம் வந்தார். அன்னலட்சுமி சொன்னபடியே சொன்னாள். அவர் சும்மா கேட்டார்:

"மற்றச் சனம் ஏனம்மா வெளிக்கிட்டது? செல்லடிக்குப் பயந்தோ?"

"செல்லடிக்கு ஒருத்தரும் அசையேல்லை, ஐயா. பங்கர்க் குழிக்குள்ள இருந்தனாங்கள். விடிய, கந்தோர் அலுமாரியும் கதிரையும் டிரக்டரில போறதைக் கண்டுதான், கந்தோர் ஐயாவே போறார், இனி ஆர் இருக்கிறது எண்டு சனம் ஓடினது."

சனம் போனபிறகே கந்தோர் போனதாகச் சோமசேகரம் தம் வரலாற்றில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாக்கியரத்தினம் சிரித்தார்.

"அப்ப லேசான வேலை. பிரிவு இருக்கட்டும், சோமசேகரம். முதல்ல நீங்கள் திரும்பிப் போங்கோ, சனம் பின்னால வரும்."

சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பினார். "சேர், எனக்குப் பிரஷர். யோசிச்சுப் பாத்தால், பக்கத்துப் பிரிவோட சேர்க்கிறதுதான் நிர்வாகத்துக்கு நல்லது."

அந்த இடத்திலேயே அன்னலட்சுமி இடம்பெயர்ந்தவள் ஆனாள். 'ஒன்று' வெட்டப்பட்டுப் பூச்சியமானது. அரிசியும் கையோடு கிடைத்தது. அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறீங்க, அக்கா? முகாம் மற்றப் பக்கம்."

"ஊருக்குத்தான், ஐயா. அங்க ஒருத்தருமில்லை எண்டு இப்ப எழுதிப்போட்டீங்க. மாட்டை ஆர் பாக்கிறது?"