காரில் வந்த தேனீச் சத்தம்

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்தில் சுகந்திக்குப் புருஷன் மணிமுத்துவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, சுவருக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஒரு குரல்.

“ஏட்டி, கொம்பன் யானை வாசல்ல நிக்கான். நான் மோட்டார் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவ முட்டுதான்.”

“விடிஞ்சிருச்சே, இன்னுமா மலைக்குப் போவல?” என்றாள் சுகந்தி.

“எப்படிப் போவான்? உள்ள பூரா பலாப்பழம்லா கெடக்கு. வாசன பிடிச்சிட்டான்.”

பழைய குற்றாலம் போகும் சாலையில், மலையை ஒட்டி அவர்களுக்கு ஒரு தோப்பு உண்டு. சாரல் காலத்தில் குளிக்க வருகிறவர்கள் வேலியைத் தாண்டிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, வெட்டிய பலாவை எல்லாம் முந்தின நாள் மணிமுத்து மோட்டார் ரூமுக்குள் அடுக்கினான். காவலுக்குத் தானும் உள்ளேயே பாயை விரித்தான். மனுஷத் திருடனுக்கு அந்தக் கதவு போதும். யானைக்கு அந்த ரூமே ஒரு பழக்கூடை மாதிரிதான். கூடைக்குள் ஒரு ஆளும் இருக்கிறான் என்று அதற்கு யார் சொல்வது?

“சன்னல் வழியா பழத்த வெளிய எறியுங்க.”

“கம்பிக்குள்ள என் கை போவும். பலா போவுமாட்டி?”

அத்தோடு போன் நின்றுவிட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

யானையை விரட்ட அவர்களிடம் ஒரு வழி இருந்தது. வனக்காவலர் கிதிர் முகம்மது, மலைப் பாறையில் கட்டியிருந்த தேன்கூட்டின் இரைச்சலைப் பதிவு செய்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு எம்.பி.த்ரீ பிளேயரில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதை மோட்டார் ரூம் ஸ்பீக்கரில் மாட்டி ஓடவிட்டால், தும்பிக்கைக்குள் தேனீ புகுந்துவிடும் என்ற பயத்தில் யானை ஒதுங்கிப் போய்விடும். முன்பும் அப்படிப் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பிளேயர் இப்போது தென்காசியில், அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது. ராத்திரி கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

அவள் கிதிர் முகம்மதைக் கூப்பிட்டாள்.

“மேக்கரையில நிக்கோம்மா, வந்து சேர நேரமாவும்,” என்றார் அவர். “பிளேயர ஒரு கார் ஸ்பீக்கர்ல மாட்டிப் போடுங்க. ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க. ஒத்த யானை, கோவம் வந்தா சத்தம் வந்த பக்கமே பாயும். தேனீச் சத்தம் ரோட்டுப் பக்கத்துல இருந்து வரட்டும். மலைக்குப் போற வழிய மறிக்காதீங்க.”

மணிமுத்துவின் சித்தப்பா மகன் தேவா அடுத்த தெருவில் இருந்தான். பழைய கார் ஒன்றை வாங்கி அந்த வாரம்தான் பூஜை போட்டிருந்தான். சுகந்தி பிளேயரை வயரோடு உருவிக்கொண்டு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் சட்டையைத் தோளில் போட்டபடியே சாவியை எடுத்தான்.

குற்றாலம் மெயின் ரோட்டில் சீசன் கூட்டம் என்பதால் ஆயிரப்பேரி வழியாகப் போனார்கள். சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியது.

“கார் செட்டு சத்தம் நல்லா வருமா?” என்றாள்.

“பழைய ஓனர் பின்னால பெரிய ஸ்பீக்கரு போட்டிருக்காரு மதினி. டிக்கியத் தொறந்துவிட்டா தெருவே அதிரும்.”

தோப்பு வாசலில் தேவா காரைத் திருப்பி, பின்பக்கமாக மெதுவாக உள்ளே விட்டான். தப்பி ஓட வேண்டியிருந்தால் முன்பக்கம் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் அல்லவா? இறங்காமலே உள்ளிருந்த கொக்கியை இழுத்தான். டிக்கிக் கதவு மேலே எழும்பியது.

நடுக் கண்ணாடியில் யானை தெரிந்தது.

அது காரைப் பார்க்கவில்லை. நெற்றியை மோட்டார் ரூம் கதவில் வைத்து, அவசரமே இல்லாமல் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை சாயும்போதும் கூரை ஷீட் முனகியது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் விழுந்திருந்தது.

பிளேயரைச் சார்ஜ் வயரோடு செட்டின் யுஎஸ்பியில் செருகினான் தேவா. பிளேயரின் திரையில் மின்கலப் படம் வந்தது; சத்தம் வரவில்லை. செட்டு கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, ஃபைல் இல்லை என்று காட்டியது.

“இருக்கே, உள்ளதான இருக்கு!” என்று பல்லைக் கடித்தாள் சுகந்தி.

“ரெக்கார்டு பண்ணுனத இதுக்குப் படிக்கத் தெரியல மதினி. வயர்ல குடுப்போம்.”

டாஷ்போர்டுக்குள் இருந்து, இரண்டு முனையிலும் பின் உள்ள வயர் ஒன்றை எடுத்தான். ஒரு முனை பிளேயரில் சரியாக இறங்கியது. மறுமுனை செட்டில் இறங்க மாட்டேன் என்றது. குனிந்து பார்த்தான்.

“அடி பாவி அபி!”

அபி அவன் பெண்டாட்டி. பூஜை அன்றைக்கு ஸ்டியரிங், கியர், கதவு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவள், செட்டில் வட்டமாக ஒரு இடம் தெரிந்ததும் அதற்கும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். அதுதான் வயர் செருகும் துளை. சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

“அவ பொட்டு வைக்காத எடம் என் நெத்தி மட்டுந்தான்,” என்றான் தேவா. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

சுகந்தி தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். “செட்ட அணை. கம்பி பட்டு ஃபியூஸ் போச்சுன்னா அவ்வளவுதான்.”

“ஆஃப் பட்டன் வேல செய்யாது. சாவியத் திருப்பினாத்தான் நிக்கும். வண்டியும்லா நின்னுரும்!”

“நிக்கட்டும்.”

“அவன் இங்கன திரும்பிட்டான்னா?”

“கதவு போயிருச்சுன்னா?” என்றாள் அவள்.

தேவா சாவியைத் திருப்பினான். இன்ஜின் அடங்கியதும் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. மரம் விரிகிற சத்தம். யானையின் மூச்சு. உள்ளே எதையோ கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுக்கிற சத்தம், அது மணிமுத்து. அவள் ஊக்கைத் துளைக்குள் விட்டுச் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. ஆத்திரத்தில் குத்தினால் உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும் என்று ஓரமாகவே சுற்றிச் சுற்றி எடுத்தாள். வாயை வைத்து ஊதினாள். தூள் கண்ணில் விழுந்தது.

“மதினி, கதவுல மேல் கீல் பேந்துட்டு.”

“என்கிட்ட சொல்லாத. போடு.”

சாவியைத் திருப்பினான். செட்டில் விளக்கு வந்தது. பின் முக்கால்வாசி இறங்கியது. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் கரகரவென்று வந்தது, விட்டால் நின்றது. அழுத்திக்கொண்டே பிளேயரைத் தட்டினாள். தேவா சத்தத்தைக் கடைசிவரை திருகினான்.

தோப்பு முழுக்க மணிமுத்துவின் குரல் முழங்கியது.

“அலோ, அலோ… ஏட்டி சுகந்தி, இது ஓடுதா? செவப்பு லைட்டு எரியுதான்னு பாரு!”

பிளேயர் வந்த அன்றைக்கு அவன் பேசிப் பார்த்தது. அழிக்காமல் விட்டிருந்தான்.

யானை திரும்பியது. காது இரண்டும் முறம்போல விரிந்தன. கண்ணாடியில் கொம்பு இப்போது நேராக அவர்களைப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. தேவாவின் கை தானாகவே இன்ஜினைக் கிளப்பப் போனது.

“கெளப்பாத! செட்டு ஒரு தடவ அணைஞ்சு எரியும்!” என்று அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். ஒரு கையால் பின்னை அழுத்தியபடி மறுகையால் அடுத்த பொத்தானைத் தேடினாள். மணிமுத்து இன்னும் லைட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். பொத்தான் அகப்பட்டது.

முதலில் காற்று இரைவதுபோல் இருந்தது. பிறகு அது தடித்து, ரீங்காரமாகி, சீட்டுக்கு அடியில் புகுந்து முதுகெலும்பில் ஏறியது. கூடு கலைந்த தேனீக்களின் கோபம். யானை எடுத்த காலைக் கீழே வைக்காமல் நின்றது. தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டது. தலையை உதறி, மண்ணை வாரித் தன் மேலேயே இறைத்தது. ஒரு அடி பின்னால் போனது.

பிளேயரில் மின்கலக் குறி சிவப்பாகி மின்ன ஆரம்பித்தது. சார்ஜில் போட்டால் சத்தம் நின்றுவிடும். போடாவிட்டாலும் நிற்கத்தான் போகிறது. சுகந்தி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் பார்த்தாள். நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினாள்.

யானை திரும்பி, வாழைகளை முறித்துக்கொண்டு, ஓடையைத் தாண்டியது. மலைச்சரிவில் மரங்கள் அசைவது கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“மதினி, கைய எடுங்க,” என்றான் தேவா. “அது அப்பவே நின்னு போச்சு.”

அவளுக்குத் தெரியவில்லை. காதுக்குள் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. விரலை எடுக்கப் பார்த்தாள், மடங்கவில்லை.

கதவை உள்ளிருந்து பிடுங்கித் தள்ளிக்கொண்டு மணிமுத்து வெளியே வந்தான். தலை முழுக்கச் சுண்ணாம்பு. காரை நோக்கி ஓடிவந்தவன் பாதி வழியில் நின்று, ரூமைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏங்க!” என்று கத்தினாள் சுகந்தி. “பழத்தத் தொட்டீயன்னா நான் இப்பிடியே போயிருவேன்!”

“கதவத்தான் பாத்தேன்,” என்றான் அவன், பின் சீட்டில் ஏறியபடி. “தொறந்தே கெடக்கட்டும். வந்து தின்னுட்டுப் போட்டும்.”

தேவா டிக்கியைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். சுகந்தி முன் சீட்டிலிருந்து இறங்கி, பின்னால் போய் மணிமுத்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆயிரப்பேரி வரும்வரை அவன் தலையில் இருந்த சுண்ணாம்பை, மரத்துப்போன அந்தக் கையாலேயே, தட்டித் தட்டி விட்டுக்கொண்டே வந்தாள்.