பூட்டுக்காரரின் பெட்டி

இரும்புப் பெட்டியின் பூட்டை உடைக்கச் சித்தப்பா சுத்தியலை ஓங்கிவிட்டார். பெரியவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடைக்காதீங்க சித்தப்பா. அப்பா தன் கையால செஞ்ச பூட்டு அது.”

கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய அடையாள அட்டை அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் காட்டினால்தான் மயானத்தில் அனுமதி கிடைக்கும். நாற்பது வருஷம் ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துவிட்ட மனுஷர், தன் சாவி எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

திறக்கத் தெரிந்த இன்னொருத்தி சுவரோரம் நின்றிருந்தாள். சின்னவளுக்குப் பதினாறு வயது. அப்பாவிடம் கற்ற வித்தையை வைத்துக் கூட்டாளிகளுக்கு ஒரு செல்போன் கடையைத் திறந்து கொடுத்தவள். விஷயம் தெரிந்ததும் அப்பாவே அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். எட்டு மாதமாகச் சிறார் இல்லத்தில் இருக்கிறாள். அடுத்த மாதம் விடுவார்களா மாட்டார்களா என்று விசாரணை. இன்று மூன்று மணி நேரம்தான் அனுமதி. கூட வந்த காவலரம்மா அவள் மணிக்கட்டை விடவில்லை; இன்று நடப்பதை எழுதி நீதிபதிக்கு அனுப்பப்போவதும் அவர்தான். வந்ததிலிருந்து சின்னவள் அப்பாவின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நீ திறடி,” என்றாள் பெரியவள்.

“இனிமே பூட்டைத் தொடமாட்டேன்னு நீதிபதிகிட்ட சொல்லியிருக்கேன்க்கா.”

எல்லோரும் காவலரம்மாவைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை விட்டார்.

“வீட்டுக்காரங்க கேட்டுத் திறக்கறது திருட்டில்ல. திற. அப்படியே எழுதிக்கறேன்.”

சின்னவள் அப்பாவின் மேசையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தாள். பூட்டில் காதை வைத்தாள். தலையைச் சாய்த்த விதம் அப்படியே அப்பா. பூட்டு திறந்துகொண்டது.

சித்தப்பா அட்டையை எடுத்துக்கொண்டார். அதற்கு அடியில் ரப்பர் போட்ட ஒரு கட்டு இருந்தது. சிறார் இல்லத்துச் சந்திப்புச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஞாயிற்றுக்கிழமைத் தேதி, அப்பாவின் கையெழுத்து, ‘பார்க்க விருப்பமில்லை’ என்ற முத்திரை. ஞாயிறுதோறும் வெளியூர் வேலை என்று அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது இதற்குத்தானா!

“முதல் வாரம் மட்டும்தான் வேணாம்னேன்,” என்றாள் சின்னவள். “அப்புறமும் வந்தாரா?”

“யார் வந்தாலும் வேணாம்னு அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டியே. உன்னைக் கூப்பிட விதியில்ல,” என்றார் காவலரம்மா. “ஆனா, வாரம் தவறாம வந்தார்.”

சின்னவள் கூடத்துக்குப் போய் அப்பாவின் அருகே உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். அழட்டும் என்று யாரும் தடுக்கவில்லை.

நேரம் ஆனதும் அவளே எழுந்தாள். சந்திப்புச் சீட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து, பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அழுத்திப் பூட்டினாள்.

“சாவியே இல்ல, மறுபடி ஏண்டி பூட்டற?”

“நான் வந்து திறக்கறேன்க்கா.”

கம்பியைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் இறங்கினாள். இந்தத் தடவை காவலரம்மா அவள் கையைப் பிடிக்கவில்லை. அவர் முன்னால் நடக்க, சின்னவள் பின்னாலேயே போனாள்.