சிலிங்கை உடைக்காத சனிக்கிழமை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். எங்கள் ஊர் சுங்கை பினாங் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. "கேத்தரின் டீச்சர்கிட்ட வாயைக் குடுத்தா வாங்கிக் கட்டிக்கணும்" என்று மீன் விற்கிறவர்கூடச் சொல்வார். சொல்லட்டுமே. அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால், 1991-இல் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் என்னவெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பொது மண்டபம் உண்டு. காலையில் அதில் நான் பாலர் பள்ளி நடத்தினேன். மாலையில் பூப்பந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து. மண்டபச் செயற்குழுவுக்கு நான் செயலாளர். தலைவர் கனகசுந்தரம் சார். யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாது. பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு கடிதம்கூடத் தபாலில் போட மாட்டார். நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷ மழையில் மண்டபத்துச் சிலிங் தொங்கிவிட்டது. கூரைக்கு அடியில் அடித்த சாம்பல் நிறப் பலகைகள். ஓரமெல்லாம் நைந்து நார் நாராகத் தெரிந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது. அன்றைக்கே பாலர் பள்ளியை மாதா கோயில் வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன்.

காரணம் என் அண்ணன் செபாஸ்டியன். அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கொதிகலன் குழாய்களைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துக் கட்டுவது அவர் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "தாத்தா வந்துட்டாரு" என்று அமலம்மாள் அண்ணி கேலி செய்வார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம், பாவிகள். அந்தப் பஞ்சுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்று பேர் என்பதை டாக்டர்தான் பிறகு சொன்னார். உள்ளே போன தூசு வெளியே வராதாம். அந்த வருஷம் அண்ணன் குளியலறைக்கு நடந்து போய்விட்டு வந்து, பேச முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவர் மூச்சு வாங்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

இந்த நிலைமையில்தான் செயற்குழுக் கூட்டத்தில் கனகசுந்தரம் சார் எழுந்து நின்றார்.

"கோத்தோங் ரோயோங் போட்டுருவோம்! சனிக்கிழமை காலையில எல்லாரும் சுத்தியலோட வாங்க. மத்தியானத்துக்குள்ள சிலிங் கீழ வந்துரும். பிள்ளைகள் கூட்டி அள்ளட்டும். அலாவுதீன் தம்பி லோரி தருவாரு. செலவே இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் கோத்தோங் ரோயோங் என்றால் மறுபேச்சு கிடையாது. கோயில் கழுவுவதா, கால்வாய் தூர் வாருவதா, கூலி வாங்காமல் ஊரே கூடிச் சிரித்துப் பேசிச் செய்து முடித்துவிடும். அதில் எங்களுக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமைதான் அன்றைக்கு எங்களைக் கொல்லப் பார்த்தது.

"சார், அது ஆஸ்பெஸ்டாஸா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். உடைச்சா தூசு எல்லார் நெஞ்சுலயும் போகும். பார்த்துச் சொல்ல ஒரு கன்சல்டனைக் கூப்பிடுவோம்" என்றேன்.

"சந்தேகம்தானே?"

"சந்தேகம்தான். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனாலதான் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடச் சொல்றேன்."

"சிலிங்கைப் பார்க்கிறதுக்கு ஒரு ஆளா? பார்க்கிறதுக்கே காசு கேப்பான் லா! நமக்குக் கண்ணு இல்லையா?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க மக கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க ஈப்போவில இருந்து ஆள் வரவழைச்சீங்களே சார், அப்ப மட்டும் கட்டத்தைப் பார்க்க நமக்குக் கண்ணு இல்லாம போச்சா?"

சிரிப்பு நின்றது. கனகசுந்தரம் சாரின் முகம் சிவந்துவிட்டது. வாய் இருந்து என்ன பிரயோசனம்? வாக்கெடுப்பில் கன்சல்டனுக்காகத் தூக்கிய கை என் ஒரு கைதான்.

மறுநாள் சூலியா தெருவுக்குப் போனேன். அங்கே காசு மாற்றும் கடை வைத்திருக்கும் மீரா சாகிப் பாயின் அண்ணன் மகள் ஹாஜரா, கோலாலம்பூரில் இதே தொழிலாக இருக்கிறாள் என்று என் அண்ணனின் டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். அரசாங்கக் கட்டடங்களில் ஆபத்தான சாமான் எது, அதை எப்படி எடுப்பது என்று பார்த்துச் சொல்கிற கன்சல்டன். பாய் கடையிலிருந்தே போன் போட்டுக் கொடுத்தார்.

"நான் வந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சுச் சொல்றேன் டீச்சர். அதுக்குக் காசு வேணாம், அப்புறம் முறையாக் கூப்பிடுங்க" என்றாள் ஹாஜரா. "ஆனா சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னால என்னால வந்து சேர முடியாது. அது வரைக்கும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க விட்றாதீங்க."

சொல்லிவிட்டாள். யாரைப் பிடித்து நான் நிறுத்துவது?

சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்கே மண்டபம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சுத்தியல், கடப்பாரை, ஏணி. யோகம்மா அக்கா பெரிய தவலையில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் துடைப்பத்தை வைத்து வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கனகசுந்தரம் சார் கையில் தேங்காய், பக்கத்தில் புதுச் சுத்தியல். "எட்டே முக்காலுக்கு நல்ல நேரம், முதல் அடி நான் போடுறேன்" என்றார்.

நான் கத்தினேன். கெஞ்சினேன். ஹாஜரா வரும்வரை பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பாவம், டீச்சருக்கு அவங்க அண்ணன் நினைப்பு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், சுவரில் நாட்காட்டி. சனிக்கிழமை. இராகு காலம் ஒன்பது முதல் பத்தரை.

நான் மாதாவைக் கும்பிடுகிறவள். எனக்கு இராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஆனால் கனகசுந்தரம் சாருக்கு இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும்.

"என்ன சார், வரவேற்புரை இல்லாமலா ஆரம்பிக்கிறது?" என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே இறக்கினார். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதா எனக்கு? வரவேற்புரை இல்லாமல் பூட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

"சுருக்கமாப் பேசுங்க டீச்சர்."

"ரொம்பச் சுருக்கம் சார்" என்று மேடையில் ஏறினேன்.

தலைவரிடமிருந்து தொடங்கினேன். அவர் ஆபீசில் இருந்த காலம், அவருடைய கையெழுத்தின் அழகு, வெள்ளைக்காரத் துரை அவரைப் பாராட்டியது, எதையும் விடவில்லை. துரை விஷயம் அவரே நூறு முறை சொன்னதுதான். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு லோரி கொடுத்த அலாவுதீன் தம்பி, அவருடைய அப்பா, அந்த லோரி. தேத்தண்ணி கொண்டுவந்த யோகம்மா அக்கா, அவருடைய கைப்பக்குவம். ஏணி கொடுத்த வின்சென்ட் அண்ணன். ஒவ்வொருவருக்கும் "அவர்களே" போட்டேன். தன் பேர் வருவதற்கு முன்னால் யாருக்கும் என்னை நிறுத்த மனம் வரவில்லை; பேர் வந்த பிறகு நிறுத்த வெட்கம்.

"யார் பேராவது விடுபட்டிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை போட்டேன் பாருங்கள்! "டீச்சர், எங்க மச்சானை விட்டுட்டீங்க!" "டீச்சர், தெலுக் பகாங்ல இருந்து வந்திருக்காரு எங்க பெரியப்பா!" என்று நாலா பக்கமும் கை உயர்ந்தது. பெரியப்பாவை நான் அவ்வளவு சீக்கிரம் விடுவேனா? அவர் ஏறிவந்த பஸ்ஸைக்கூடப் புகழ்ந்தேன்.

தொண்டை வறண்டபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஐயையோ சார்! மணி ஒன்பதாச்சே! இராகு காலம் பிறந்துருச்சே!"

கனகசுந்தரம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீங்க பெரிய ஆள் டீச்சர்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குள் அலாவுதீன் தம்பி கடப்பாரையோடு ஏணியில் பாதி ஏறிவிட்டார். "எங்களுக்கு ஏது சார் இராகு காலம்? நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்."

என்னிடம் வேறு தந்திரம் இல்லை.

"இறங்கு தம்பி!" கனகசுந்தரம் சார் போட்ட சத்தத்தில் பிள்ளைகள்கூட வாள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். "இது பொது மண்டபம்! இராகு காலத்தில ஒருத்தரும் ஒரு பலகையைத் தொடக் கூடாது! நான் தலைவரா இருக்கிற வரைக்கும் நடக்காது!"

நான் ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொன்னதை மனுஷர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எல்லோரும் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். நான் மட்டும் ரோட்டைப் பார்த்தபடி ஜெபமாலை உருட்டினேன். இராகு காலம் முடியப்போகிறது என்று ஆட்கள் சுத்தியலைத் தேடத் தொடங்கியபோது டாக்சி ஒன்று வந்து நின்றது. முக்காடு போட்ட சின்ன உருவம், கையில் ஒரு பெட்டியோடு இறங்கியது.

"இதுவா கன்சல்டன்?" என்று ஒருவர் சிரித்தார்.

ஹாஜரா காதில் வாங்கவில்லை. எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். உடம்பு முழுக்க மூடும் வெள்ளை உடுப்புப் போட்டாள். மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் முகமூடி மாட்டினாள். ஏணியில் ஏறி, பலகையின் ஓரத்தில் தண்ணீர் அடித்து நனைத்து, நகத்தளவு துண்டு எடுத்துப் பையில் போட்டாள். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு ஒட்டினாள். வெட்டிய இடத்தையும் ஒட்டி மூடினாள். வாசலில் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவள் கீழே இறங்கியதும் கனகசுந்தரம் சார் கேட்டார்: "இத்துனூண்டு துண்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு வேஷம்?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க சார்" என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.

அந்த நேரம் பார்த்து அவருடைய பேத்தி அருந்ததி, என் பாலர் பள்ளிப் பிள்ளை, தன்னைவிட உயரமான துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, நான் இப்பக் கூட்டவா?"

அவர் ஹாஜராவின் முகமூடியைப் பார்த்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்தார். துடைப்பத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு வேலை இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். மண்டபத்தை அவரே பூட்டினார்.

அடுத்த வாரம் போன் வந்தது. "இருக்கு டீச்சர். நிறையவே இருக்கு" என்றாள் ஹாஜரா. நான் நேரே கனகசுந்தரம் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "என் பேத்திக்கு என் கையாலயே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு மனுஷர் பிடித்த பிடி இருக்கிறதே, அப்பப்பா! பெரிய கிராணி அல்லவா, அரசாங்க ஆபீசின் எந்தக் கதவை எந்த நேரத்தில் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? "கன்சல்டன் இல்லாமல் ஒரு ஆணியும் நகராது" என்று போய் உட்கார்ந்துவிடுவார். பணம் வந்தது. ஹாஜராவின் கம்பெனிக்கு முறைப்படி வேலை கொடுத்தோம். இந்த வேலையில் பழகிய ஆட்களை அவளே தேர்ந்தெடுத்தாள். மண்டபத்தைப் பிளாஸ்டிக்கால் மூடி, பலகைகளை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கிக் கட்டிக் கொண்டுபோனார்கள். கடைசியில் உள்ளே காற்றில் தூசு மிச்சம் இருக்கிறதா என்று கருவி வைத்து அளந்தாள். முதல் தடவை திருப்தி இல்லை என்று மறுபடியும் துடைக்க வைத்தாள்.

திறப்பு விழாவில் கனகசுந்தரம் சார் பேசினார். "அந்தச் சிலிங்கைப் பார்த்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது" என்றார்! எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கியிருப்பேன். அண்ணன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடு கேத்தரின்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. அவருக்காக விட்டேன். ஆனால் ஒரு மாதம் தலைவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு காலையில் மண்டபத்துக்குப் போன் வந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் புதுச் சிலிங்குக்குக் கீழே ஒரே கூச்சல். காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன். நிபோங் திபாலிலிருந்து ஆனந்தராஜா என்பவர். அங்குள்ள பொது மண்டபத்தின் செயலாளராம்.

"கேத்தரின் டீச்சரா? உங்க சேர்மன் இங்க வந்து நிக்கிறாரு. இல்ல, உக்காந்திருக்காரு! எங்க மண்டப வாசல்ல நாற்காலியைக் குறுக்காப் போட்டுக்கிட்டு. இன்னைக்கு எங்க கோத்தோங் ரோயோங் டீச்சர், பழைய சிலிங்கை உடைக்க ஊரே வந்து காத்துக்கிட்டு நிக்குது. கன்சல்டன் வந்து பார்க்காம ஒரு ஈ காக்காயை உள்ள விட மாட்டாராம். கேட்டா, 'எனக்கு ஒன்னும் தெரியாது, எங்க டீச்சரைக் கேளு'ன்னு உங்க நம்பரைக் குடுக்கிறாரு."

எனக்கு ஒன்னும் தெரியாது என்றாரா! கனகசுந்தரம் சாரா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"இப்ப நாங்க என்ன செய்யிறது டீச்சர்?"

"நாற்காலியை விட்டு அவரை எழுப்பாதீங்க" என்று கத்தினேன். "வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் குடுங்க. ஹாஜராவை நான் கூப்பிடுறேன்."