நாற்பது ஸ்பிரிங்

ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் வெயிலில், தகரக் கொட்டகைப் பட்டறைக்கு, கோட் மாட்டிக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்வது? பிரிஸ்பேனிலிருந்து வந்த ஆலோசகன் அவன், பெயர் வின்ஸ்லேட். பார்த்த மாத்திரத்தில் நெரிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசாமி அவள் செய்த மின்பெட்டியைத் தேங்காய் வாங்குகிறவன் மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேசா இருக்கே" என்றான்.

லேசாகத்தான் இருக்கும். பழைய பெட்டிகள் வேண்டாத வோல்டேஜைச் சூடாக எரித்தே தீர்க்கும், அந்தச் சூட்டை ஆற்றக் கிலோக் கணக்கில் அலுமினியம் வேண்டும். நெரிடாவின் பெட்டி எதையும் எரிப்பதில்லை. உள்ளே ஒரு சுவிட்ச் வினாடிக்கு லட்சம் தடவை தன்னைத்தானே போட்டு அணைத்துக்கொள்கிறது. போட்டிருக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைத்தே நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரியிலிருந்து பன்னிரண்டை எடுத்துக்கொள்ளும். துடிப்பைச் சமன்செய்ய ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் போதும். இதை எடை போட்டுப் பார்க்கிற ஜென்மத்தைத்தான் சோதிக்க அனுப்பியிருந்தார்கள்.

அவன் கையெழுத்து இல்லாமல் பெட்டிகள் படகேறாது. மொத்தம் நாற்பது. எல்லாம் டோரஸ் நீரிணைத் தீவுகளின் மருந்தகங்களில், சோலாரில் ஓடும் தடுப்பூசி ஃபிரிட்ஜ்களுக்கு. அங்கே ஒரு தீவில் நெரிடாவின் தம்பி மனைவி தபித்தா நர்ஸாக இருக்கிறாள். போன மழையில் பழைய பெட்டி செத்துப்போய், கைக்குழந்தைகளுக்கு வைத்திருந்த மருந்து அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, போனில் அழுதாள். புதன்கிழமைப் படகை விட்டால் மழைக்கு முன்னால் பொருத்த ஆள் போகாது. இன்று திங்கள்.

வின்ஸ்லேட், வோல்டேஜைத் திரையில் கோடாகக் காட்டுகிற ஆசிலோஸ்கோப்பை இழுத்து வைத்தான். அதன் அளக்கும் ஊசியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு எர்த் வயர் தொங்கும். அவசரத்துக்குத்தான் அந்த வயர். சுவிட்ச் படபடக்கிற இடத்தில் அதை நீட்டினால் ஆன்டெனாதான், பெட்டியில் இல்லாத மின்னிரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். தொழில் தெரிந்தவர்கள் கழற்றிவிடுவார்கள். இந்த மகானுபாவன் அதையே மாட்டினான். திரை முழுக்கக் கருவேல முள்.

"அஞ்சு வோல்ட் ஸ்பைக். இது தேறாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நெரிடா பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசியையும் எர்த்தையும் ஒரே புள்ளியில் வைக்கச் சொன்னாள். வைத்தான். முள் அப்படியே இருந்தது.

"எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவுல அஞ்சு வோல்ட் வருமா? யோசிச்சுப் பாருங்க."

அவன் யோசித்தான். மோவாயைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "எர்த்தே கெட்டுப்போயிருக்கு. நான் நெனச்சதை விட மோசம்" என்றான்.

பட்டறை முதலாளி டெஸ் கையில் பாதி தின்ற இறைச்சி பஃப்ஸோடு தலையாட்டினான். நல்லவன்தான், ஆனால் கோட்டைக் கண்டால் முதுகு தானாக வளையும். நெரிடா டிராயரிலிருந்து நகக்கண் அளவு ஸ்பிரிங் ஒன்றை எடுத்தாள். வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த நீள வயருக்குப் பதில் எர்த்தாக ஊசியின் கழுத்தில் ஸ்பிரிங்கைச் சுற்றி, பெட்டியில் வைத்தாள். திரையில் கோடு நூல் பிடித்தது போல நின்றது. இப்போதாவது இவனுக்கு வெட்கம் வரும் என்று நினைத்தாள். வெட்கமா, அவனுக்கா!

"பாத்தீங்களா, ஸ்பிரிங் அத்தனை ஸ்பைக்கையும் குடிச்சிருச்சு" என்றான். "இதை ஏன் பெட்டிக்குள்ள வைக்கல? ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வெச்சிருங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

நெரிடா வாயைத் திறந்தாள். டெஸ் அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் வேலையில்லாத ஒரு துண்டுக் கம்பியைக்கூட அவள் சர்க்யூட் பலகையில் பற்றவைத்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே திமிர் அதுதான். தபித்தா கொட்டிய மருந்து நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்க நாற்பது ஸ்பிரிங்கையும் பற்றவைத்தாள், இரண்டு முனையும் ஒரே எர்த்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. புதன்கிழமை படகு போயிற்று. வருஷக் கடைசியில் பிரிஸ்பேன் மாநாட்டில் வின்ஸ்லேட் இதைப் பற்றிப் படம் காட்டிப் பேசினானாம், எழுந்து நின்று கை தட்டினார்களாம். டெஸ் அந்தச் செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தான். நெரிடா அதற்கு மேலே காலண்டரை மாட்டினாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் தபித்தா கூப்பிட்டாள். ஃபிரிட்ஜ் ஒரு நாள்கூட நிற்கவில்லையாம், தீவிலுள்ள குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஊசி போட்டாயிற்றாம். பல்லி புகுந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

"ரெண்டு முனையும் ஒரே இடத்துல ஒட்டியிருக்கே, இந்தக் குட்டி ஸ்பிரிங் எதுக்கு நெரிடா?"

"அது கரண்டுக்கு இல்ல, கையெழுத்துக்கு. பிச்சுக்கிச்சுப் போட்டுராத. அடுத்த நாப்பதுக்கும் அந்தாளுதான் வர்றான்."