தும்பை அவிழ்க்காத மத்தியானம்

கன்று செத்ததை அண்ணன் போனில் அவளிடம் சொன்ன விதம், பல்பு பியூஸ் போனதைச் சொல்வது போல இருந்தது.

"பால் குடிச்சிட்டே இருந்துச்சு, அப்படியே சாஞ்சிருச்சு. அது போகட்டும். மத்தியானம் வியாபாரி லாரியோட வர்றாரு. மாடுங்களுக்கு நோய் இல்லைன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

அவள் கால்நடை மருத்துவர். மாடுகளை மொத்தமாக விற்றுவிட்டு அண்ணனும் அண்ணியும் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவது அவளுக்குத் தெரியும். வீட்டுச் சாமான்களில் பாதியைக் கட்டியாகிவிட்டது.

தொழுவத்து வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். படுத்து அசைபோட வேண்டிய நேரத்தில் பல மாடுகள் நின்றுகொண்டிருந்தன. தீவனம் தொட்டியில் அப்படியே கிடந்தது. வேறு எந்த மாட்டையும் தொட்டியருகே விடாத 'மகாராணி', ஒரு பின்னங்காலைத் தூக்கி உதறிக் கீழே வைத்தது. பிறகு அடுத்த காலை உதறியது. வாயைச் சப்பிக்கொண்டே இருந்தது. உதட்டிலிருந்து எச்சில் நூலாகத் தரைவரை தொங்கியது.

"எப்பலேருந்து அண்ணி இப்படி?"

அண்ணி தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கன்றின் மேல் போர்த்திய சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. "நேத்துலேருந்து. வெயிலுக்குன்னு நினைச்சோம். பாலும் குறைஞ்சிருச்சு. தீவனம் மாத்தினதால இருக்கும்னு உங்க அண்ணன் சொன்னாரு."

காய்ச்சல் இருந்தது. கையுறை போட்டு நாக்கைப் பக்கவாட்டில் இழுத்தாள். கொப்புளம் விரலோடு தோலாக உரிந்து வந்தது. கீழே சிவந்த சதை. குளம்புப் பிளவிலும் அதேதான். அடுத்த மாட்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

"கோமாரிண்ணே."

"கன்னுக்கு வாயில ஒண்ணுமே இல்லியே."

"சின்னதுங்களுக்குப் புண்ணு வர்றதுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சிரும். தடுப்பூசி போட்டீங்களா?"

"விக்கத்தானே போறோம்னு இந்தத் தடவை விட்டுட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபம் வருமென்று கொஞ்சம் காத்திருந்தாள், வரவில்லை. கால்நடைத் துறை அலுவலகத்துக்கு போன் செய்து, ஊரில் யாரோ ஒருவரின் தொழுவத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

அண்ணன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். "தங்கச்சின்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"தெரியும்ணே."

வியாபாரி வந்தபோது அவரைக் கதவருகிலேயே நிறுத்தினாள். எதற்கும் 'ஆகட்டும்' என்பதால் அவருக்கு அதுவே பெயர்.

"கோமாரி. ஒரு மாடும் வெளிய போகக் கூடாது. நீங்களும் உள்ள வராதீங்க."

"ஆகட்டும்," என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வெந்நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஆற வைத்தாள். அண்ணன் கேட்காமலே வந்து மகாராணியின் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் வாய்ப்புண்ணைக் கழுவினாள். ஒரே மாட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் அப்படியே அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார்கள். எல்லா மாடும் முடிந்ததும், கன்றைப் புதைக்க ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். அண்ணி சாமான் மூட்டை ஒன்றைப் பிரித்து, அரிசி வேகவைக்கப் பாத்திரத்தை எடுத்தாள்.

"மக கிட்ட என்ன சொல்ல?" என்று கேட்டாள்.

"வரலைன்னு சொல்லு," என்றான் அண்ணன்.

சாயங்காலம் அவன் குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று அவள் கேட்டதற்கு, "தெருவுக்கு" என்றான். செருப்பைச் சலவைச் சோடாக் கரைசலில் முக்கி எடுக்கச் சொன்னாள். எடுத்தான். அவள் பின்னால் போய்ப் பார்த்தாள். மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் முன்பும் அவன் நடுரோட்டிலேயே நின்றான், கதவருகில்கூடப் போகவில்லை.

"எங்க மாடுங்களுக்குக் கோமாரி. நான் ஊசி போடாம விட்டுட்டேன். எச்சில் வடியுதான்னு பாருங்க, கால் உதறுதான்னு பாருங்க. நாளைக்கு ஊசி போட ஆள் வருவாங்க."

ஒரு வீட்டில் திட்டினார்கள். கேட்டுக்கொண்டு நின்றான். அடுத்த வீட்டிலும் அதே குரலில் அதையே சொன்னான்.

அந்தத் தெருவில் வேறு ஒரே ஒரு தொழுவத்துக்குத்தான் நோய் போனது. அண்ணனின் மாடுகள் பிழைத்தன. மகாராணிக்கு மட்டும் வெயிலில் மூச்சு வாங்கும், பழைய பால் திரும்பவில்லை. விற்பதைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. இங்கேயே இருக்கிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை.