ஆறாவது எண்

டிக்கெட் கிடைத்த கப்பலில் ஏறிவிட வேண்டும் என்பது போர்ட் பிளேரில் எழுதாத சட்டம். அடுத்த கப்பல் எப்போது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பல்கலைக்கழகத்தின் பட்டியல் வருமுன்பே என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் செவ்வாய்க்கிழமை ஹேடோ ஜெட்டியில் சென்னைக் கப்பல் ஏறினார். மகளுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும், ஹாஸ்டல் பார்த்து வைக்கிறேன் என்றார். கிடைக்காவிட்டால் என்று கேட்டேன். "வாயக் கழுவுட்டி" என்றார்.

புதன் மத்தியானம் பட்டியல் வந்தது. ஹரிணிக்கு இடம் இருந்தது, கடல் உயிரியல். அவள் போட்ட சத்தத்தில் மேல் குவார்ட்டர்ஸ் பெங்காலி அம்மா இறங்கி வந்துவிட்டாள். வெள்ளி காலை பத்து மணிக்குள் ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஒப்புதல் தரப் போனால் ஓடிபி கேட்டது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவருடைய நம்பர். எங்கள் வீட்டுக்குள் அவர் சிம்முக்கு மட்டும்தான் டவர் ஒழுங்காக எடுக்கும் என்று, நான்தான் புத்திசாலித்தனமாக யோசித்துக் கொடுக்கச் சொன்னேன். அந்த சிம் இப்போது நடுக்கடலில் இருந்தது.

நம்பரை மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார்கள் ஹெல்ப்லைனில். ஹரிணி அழவில்லை. நான்தான் அழுதேன். கப்பல் ஆபீஸுக்கு ஓடினோம். அங்கே வேலை பார்க்கும் விஜயன் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"டென்ஷன் நை லேனே கா, அக்கா, கவலைப்படாதீங்க. கப்பலுக்கு வயர்லெஸ்ல சொல்லிடுறேன். கரைகிட்ட டவர் வந்ததும் அண்ணன் போன் போடுவாரு."

வெள்ளி காலை டவர் கிடைக்கும் வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதே முக்காலுக்குத்தான் போன் வந்தது.

"ஏட்டி, துறைமுகத்துக்கு வெளிய நிப்பாட்டிருக்கான். டெக்லதான் நிக்கேன். டவர் வருது, போவுது. நீ அமுக்கு."

ஹரிணி ஓடிபி பட்டனை அமுக்கினாள். "வந்துட்டு, வந்துட்டு" என்றார்.

ஹேடோ ஜெட்டியில் கன்டெய்னர் நம்பர்களைப் படித்துச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. இந்தியில் ஒரு எண் சொல்வார். எழுதுகிறவன் 'ஹான்', ஆமாம், என்றால்தான் அடுத்ததற்குப் போவார். ஓர் எண் பிசகினால் ஹேவ்லாக் தீவுச் சரக்கு நிகோபாருக்குப் போய்விடுமாம். வீட்டில் கேஸ் புக் பண்ணும்போதும் இதே கூத்துதான்.

"சார்."

"ஹான்ப்பா." ஹரிணி நான்கைத் தட்டினாள்.

"சாத்."

"ஹான்."

"தோ."

"ஹான். எல்லாத்தையும் மொத்தமா சொல்லுங்கப்பா!"

"தப்பாப் போயிரும்ட்டி. நௌ."

"ஹான்."

"பாஞ்ச்."

"ஹான்!"

ஆறாவது எண் வரவில்லை. ஹரிணி மறுபடியும் 'ஹான்' என்றாள். நானும் போனில் வாயை வைத்துக் கத்தினேன். திரும்ப அழைத்தோம், கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்த நிமிஷமே பாவமாகவும் இருந்தது. ஆறு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, இவளுடைய ஐந்தாவது 'ஹான்' காதில் விழாமல், போனைக் காதோடு அழுத்தியபடி அந்த மனுஷன் டெக்கில் காத்துக்கொண்டு நிற்பார்.

மணி ஒன்பது ஐம்பத்தேழு. திரையில் ஐந்து கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஆறாவதில் கோடு விட்டுவிட்டு மின்னியது. ஹரிணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஹான்ப்பா" என்றாள் மெதுவாக.